முக்காடும் கல்லூரி வாயிலும்: துருக்கி வரலாறு தரும் படிப்பினை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

முஸ்லிம் பெண்மணி ஒருவர் தம் சொந்த விருப்பத்தோடு தலையை மறைத்துக்கொண்டு பொது இடத்திற்கு வரும்போது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய தீர்ப்பைச் சிலர் எழுதிவிடுகின்றனர். இவர் படிக்காதவராக இருப்பார். வீட்டார் வற்புறுத்தி அணிவித்திருப்பார்கள். தமக்கென ஒரு கருத்து இவருக்கு இராது என்பன அத்தீர்ப்பின் வாசகங்கள். இத்தப்பெண்ணம் முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் கருதுகின்றனர். ஆனால் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களாக உள்ள துருக்கியிலேயே, 1982 முதல் 2010 வரை, இடையிடையே தளர்ந்தும் இறுகியும், முக்காடிட்ட பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. அந்த வரலாற்றை ஜமாஅத்தார் அனைவரும், குறிப்பாகப் பெண் மக்களைப் பெற்றோர், அறிந்திருப்பது அவசியம்.

தொப்பிக்குச் சட்டம், முக்காட்டுக்கு?

உஸ்மானியப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின், 1923 அக்டோபர் 29-இல் துருக்கிக் குடியரசு பிறந்தது. 1924 மார்ச் 3-இல் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்கள் கிலாஃபத் இயக்கம் நடத்தி எந்தப் பீடத்திற்காகச் சிறை சென்றார்களோ, அந்தப் பீடத்தைத் துருக்கியரே அகற்றினர். முஸ்தபா கமால் அவர்களின் தலைமையில் அமைந்த புதிய அரசு, ஐரோப்பிய நாடுகளுக்கு நிகராக நாட்டை உயர்த்துவதே தன் இலட்சியம் என்றது. அந்த உயர்வின் வெளி அடையாளமாக உடை கருதப்பட்டது. 1925 நவம்பரில் இயற்றப்பட்ட தொப்பிச் சட்டம், ஆண்கள் பழைய குல்லாயை விட்டு ஐரோப்பியத் தொப்பியை அணிய வேண்டுமென ஆணையிட்டது.

பெண்களின் முக்காட்டைத் தடை செய்யும் நாடளாவிய சட்டம் எதுவும் அன்று இயற்றப்படவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. சில நகராட்சிகள் 1930-களில் முகத்திரைக்கும் கறுப்பு மேலங்கிக்கும் எதிராகத் தீர்மானங்கள் நிறைவேற்றின, அவ்வளவே. முஸ்தபா கமாலின் தாயார் ஸுபைதா அம்மையாரே முக்காடிட்டவர்தாம். 1934-இல் துருக்கிப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை வழங்கப்பட்டது. பல ஐரோப்பிய நாடுகளை முந்திய அச்செயலைப் பாராட்டுவது நியாயமே. ஆயினும் அவ்வுரிமையோடு எழுதப்படாத நிபந்தனை ஒன்றும் சேர்ந்து வந்தது. முன்னேறிய பெண் என்றால் தலை திறந்த பெண். முக்காடிட்டவள் கிராமத்தாள், பின்தங்கியவள் என்னும் எண்ணம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேரூன்றியது.

பாட்டியின் முக்காடும் பேத்தியின் முக்காடும்

வயலில் உழைத்த பெண்கள் முக்காடிட்டிருந்தனர். நகரத்து வீடுகளிலும் அலுவலகங்களிலும் தரை துடைத்த பெண்களும் முக்காடிட்டிருந்தனர். அவர்களைக் கண்டு எந்த அதிகாரியும் குடியரசுக்கு ஆபத்து வந்துவிட்டதென அஞ்சவில்லை. 1950-களிலிருந்து கிராம மக்கள் நகரங்களில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் உயர்கல்வி பெறத் தொடங்கினர். அப்பிள்ளைகளில் சில பெண்கள் முக்காட்டைக் களையாமலே கல்லூரி வாயிலை அடைந்தபோதுதான் எதிர்ப்பு மூண்டது.

1960-களில் ஷூலே யுக்செல் ஷென்லர் என்னும் பெண் எழுத்தாளர், தாமே விரும்பி முக்காடணியத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். படித்த இளம் பெண்களிடையே அவர் முக்காடு கட்டிய பாங்கு பரவி, அவர் பெயராலேயே வழங்கப்பட்டது. 1968-இல் அங்காரா பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவில் ஹதீஜா பாபஜான் என்ற மாணவி முக்காட்டோடு வகுப்பில் அமர்ந்ததற்காக வெளியேற்றப்பட்டார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். இஸ்லாமியக் கல்வியைப் போதிக்கும் துறையிலேயே ஒரு மாணவியின் முக்காடு குற்றமாயிற்று என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இக்காலத்தில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நிறுத்தப்பட்டன. கிராமத்து மூதாட்டி தாடைக்குக் கீழே முடிச்சிட்டுக் கட்டுவது வெறும் தலைத்துணி. அது பாரம்பரியம், அதற்குத் தடையில்லை. படித்த பெண் தலைமுடியையும் கழுத்தையும் மறைத்து ஊசி குத்தி அணிவது ‘துர்பான்’. அது அரசியல் சின்னம், அதற்கு இடமில்லை. ‘இறுக்கிக் கட்டிய தலை’ என்று பொருள்படும் இழிசொல் ஒன்றும் வழக்கில் வந்தது. துணி ஒன்றுதான், அணிந்தவரின் படிப்பும் அவர் அமர விரும்பிய நாற்காலியும்தாம் வேறு. முக்காடிட்ட பெண் ஏவலுக்குக் காத்து நிற்கும்வரை பொறுத்துக்கொண்டவர்கள், அவள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் தமக்குச் சமமாக வந்தமர முற்பட்டபோது பொறுக்கவில்லை. துருக்கி வரலாறு காட்டும் முதன்மையான உண்மை இதுவே.

இராணுவ ஆட்சியும் தடையும்

1980 செப்டம்பர் 12-இல் தளபதி கெனான் எவ்ரென் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1982-இல் வெளியான விதிகள், அரசுப் பணியிலுள்ள பெண்கள் பணியிடத்தில் தலை திறந்திருக்க வேண்டுமெனக் கூறின. அவ்வாண்டு டிசம்பரில் உயர்கல்விக் குழு மாணவிகளுக்கும் தடையை விரித்தது. 1984-இல் ‘நவீன முறையில் கட்டிய துர்பான்’ அனுமதிக்கப்பட்டது. 1987-இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. சமய நம்பிக்கையின் பொருட்டுத் தலையையும் கழுத்தையும் மறைக்கலாம் என நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை, 1989 மார்ச் 7-இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 1990-இல் வேறு சொற்களில் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. அது முக்காட்டைக் குறிக்காது என்று அதே நீதிமன்றம் 1991-இல் விளக்கமளித்தது. மக்கள் பிரதிநிதிகள் திறந்த கதவை நீதிமன்றம் மூடுவதும், சில பல்கலைக்கழகங்கள் கண்டும் காணாமல் விடுவதுமாகக் காலம் நகர்ந்தது.

1997 பிப்ரவரி 28-இல் தேசியப் பாதுகாப்புக் குழுவில் இராணுவத் தளபதிகள் முன்வைத்த கோரிக்கைகள் நிலைமையைக் கடுமையாக்கின. பிரதமர் நஜ்முத்தீன் அர்பகான் அவ்வாண்டு ஜூனில் பதவி விலக நேர்ந்தது. 1998 பிப்ரவரி 23-இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. முக்காடிட்ட மாணவிகளையும் தாடி வைத்த மாணவர்களையும் வகுப்புகளில் அனுமதிக்கலாகாது என்பது அதன் சாரம்.

அப்பல்கலைக்கழகத்தில் ‘இணங்கவைக்கும் அறைகள்’ என்று பெயர் பெற்ற அறைகள் அமைக்கப்பட்டன. சேர்க்கைக்கு வந்த முக்காடிட்ட மாணவி தனியே அழைத்துச் செல்லப்படுவார். பேராசிரியைகள் அமர்ந்து, முக்காட்டைக் களையுமாறு அவருக்கு எடுத்துரைப்பர். இணங்கியவருக்குப் படிப்பு, இணங்காதவருக்கு வாயில். பதினெட்டு வயதுப் பெண் தன் எதிர்காலத்தையும் தன் நம்பிக்கையையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்க்குமாறு வற்புறுத்தப்பட்டாள். பெண்களை வற்புறுத்தலிலிருந்து விடுவிப்பதே எங்கள் நோக்கம் என்றவர்கள்தாம் இதைச் செய்தனர்.

சிலர் முக்காட்டின்மேல் செயற்கைக் கூந்தலை அணிந்து வகுப்புக்குச் சென்றனர். சிலர் தொப்பி அணிந்தனர். வசதி பெற்றோர் அயல்நாடு சென்றனர். வசதியற்றோர் வீடு திரும்பினர். பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவைக் காண வந்த தாய்மார்களும் சில இடங்களில் வாயிலில் தடுக்கப்பட்டனர். 1998 அக்டோபர் 11-இல் ஆண்களும் பெண்களும் நாட்டின் பல நகரங்களில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். மறு ஆண்டு, பாதிக்கப்பட்ட பெண்களே பாகுபாட்டை எதிர்க்கும் மகளிர் உரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, வழக்குகளையும் ஆவணங்களையும் திரட்டலாயினர்.

நாடாளுமன்றத்தில் நடந்தது

1999 ஏப்ரல் 18-இல் நடந்த பொதுத் தேர்தலில் இஸ்தான்புல் மக்கள் மெர்வே கவாக்சி என்ற முப்பது வயதுப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தனர். அங்காராவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, முக்காட்டின் காரணமாகத் தொடர இயலாமல், அமெரிக்காவில் மென்பொருள் பொறியியலில் பட்டம் பெற்றவர் அவர். மே 2-ஆம் நாள் பதவிப் பிரமாணத்திற்காக முக்காட்டோடு அவைக்குள் நுழைந்தார். அவருக்குத் துணையாக உடன் வந்த உறுப்பினர் நஸ்லி இலிஜாக் முக்காடணியாதவர்.

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டி, ‘வெளியேறு’ என்று முழங்கினர். பிரதமராக இருந்த புலந்த் எஜெவித் மேடையேறி, இது அரசுக்குச் சவால் விடும் இடமன்று, இந்தப் பெண்ணுக்கு அவள் எல்லையை உணர்த்துங்கள் என்னும் பொருள்படப் பேசினார். பெண்ணுரிமை பேசிய அவை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணைப் பிரமாணம் எடுக்கவிடாமல் அனுப்பியது. அதே தேர்தலில் வேறொரு கட்சியின் சார்பில் வென்ற மருத்துவர் நெஸ்ரின் உனால், தம் முக்காட்டைக் களைந்துவிட்டுப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சில நாள்களில் கவாக்சியின் துருக்கிக் குடியுரிமை பறிக்கப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றதை முறைப்படி தெரிவிக்கவில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. அவருடைய ஃபஸீலத் கட்சி 2001 ஜூனில் தடை செய்யப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டு அரசியல் தடையும் விதிக்கப்பட்டது. அத்தடை தேர்தல் உரிமையை மீறியது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2007 ஏப்ரல் 5-இல் தீர்ப்பளித்தது.

ஒரு மருத்துவ மாணவியின் வழக்கு

லைலா ஷாஹின், புர்சா நகரில் நான்காண்டுகள் முக்காட்டோடு மருத்துவம் பயின்றவர். 1997-இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் ஜெர்ராஹ்பாஷா மருத்துவக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டில் சேர்ந்தார். 1998 மார்ச் 12-இல் புற்றுநோயியல் தேர்வு எழுதச் சென்ற அவர், தேர்வறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. பின்னர் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் சென்று படிப்பைத் தொடர்ந்தார்.

அவருடைய வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு வரை சென்றது. 2005 நவம்பர் 10-இல் பதினேழு நீதிபதிகளில் பதினாறு பேர், துருக்கியின் தடை மனித உரிமையை மீறவில்லை என்றனர். மாறுபட்ட ஒரே நீதிபதி பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஃபிரான்சுவாஸ் துல்கென்ஸ் என்ற பெண்மணி. சமத்துவத்தின் பெயரைச் சொல்லி, வயது வந்த ஒரு பெண் தாமே செய்த தேர்வை அவருக்கு எதிராகத் திருப்புவது எவ்வாறு நியாயமாகும் என்று அவர் வினவினார். முக்காடணியும் பெண்கள், அணியாத பெண்கள் ஆகிய இரு சாராரின் கருத்தும் இவ்விவாதத்தில் கேட்கப்படவே இல்லை என்பதையும் சுட்டிக் காட்டினார். முஸ்லிமல்லாத ஒரு பெண் நீதிபதி தனித்து நின்று எழுதிய அந்தத் தீர்ப்புரை, பதினாறு பேரின் தீர்ப்பைவிட நெடுநாள் நினைவில் நிற்கத்தக்கது.

தடை நீங்கிய விதம்

ஆட்சி மாறினால் அனைத்தும் ஒரே நாளில் மாறிவிடும் என்று எண்ணுவோருக்கும் இவ்வரலாற்றில் பாடமுண்டு. 2002 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த கட்சியின் தலைவர்களது துணைவியர் பலர் முக்காடணிந்தவர்கள். ஆயினும் அன்றைய குடியரசுத் தலைவர் அஹ்மத் நஜ்தத் செஸரின் குடியரசு நாள் விருந்துகளுக்கு அப்பெண்கள் அழைக்கப்படவில்லை. பிரதமர் எர்துகானின் புதல்வியரே அமெரிக்காவில் பயின்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரின் துணைவியாரான கைருன்னிஸா குல் அம்மையாரும், 1998-இல் அங்காரா பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டவரே.

2008 பிப்ரவரி 9-இல் நாடாளுமன்றம் 411 வாக்குகளோடு அரசியல் சாசனத்தைத் திருத்தி மாணவிகளுக்கு வழிவிட்டது. ஜூன் 5-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அத்திருத்தத்தையும் நீக்கியது. 2010-இல், முக்காட்டின் பொருட்டு மாணவியரை வகுப்பிலிருந்து வெளியேற்றலாகாது என்று உயர்கல்விக் குழு அறிவுறுத்திய பின்னரே பல்கலைக்கழகக் கதவுகள் மெல்லத் திறந்தன. 2013 அக்டோபரில் அரசுப் பணியாளர்களுக்கு இருந்த தடை, நீதிபதிகள், காவல்துறையினர், இராணுவத்தினர் தவிர மற்றோருக்கு நீங்கியது. அம்மாதம் 31-ஆம் நாள் நான்கு பெண் உறுப்பினர்கள் முக்காட்டோடு நாடாளுமன்றத்தில் அமர்ந்தனர். எவரும் மேசையைத் தட்டவில்லை. சில நாள்களில் பெண் உறுப்பினர்கள் காற்சட்டை அணியக்கூடாதென்ற பழைய விதியும் நீக்கப்பட்டது. ஒரு சாரார் பெற்ற உரிமை மற்றொரு சாராருக்கும் வழி திறந்தது.

2015 ஜூனில் மெர்வே கவாக்சியின் இளைய சகோதரி ரவ்ஸா, 1999-இல் தம் தமக்கை அணிந்திருந்த அதே முக்காட்டை அணிந்து அதே அவையில் பிரமாணம் எடுத்தார். 2017-இல் மெர்வே கவாக்சி மலேசியாவுக்கான துருக்கித் தூதராக நியமிக்கப்பட்டார். 2022 அக்டோபரில், நெடுங்காலம் தடையை ஆதரித்த குடியரசு மக்கள் கட்சியின் அன்றைய தலைவர் கமால் கிலிச்தரோக்லு, இவ்விடயத்தில் தம் கட்சி கடந்த காலத்தில் தவறிழைத்ததை ஒப்புக்கொண்டு, முக்காடணியும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்றார். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் படிப்பை இழந்த பெண்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

நாம் சிந்திக்க வேண்டியவை

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்ததை அறிவோம். கர்நாடகக் கல்லூரிகளில் எழுந்த வழக்கில் 2022 மார்ச் 15-இல் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அவர்களுள் நீதிபதி சுதான்ஷு தூலியா, முக்காடு பெண்ணின் சொந்தத் தேர்வு என்றும், பெண் குழந்தையின் கல்வியே தம் உள்ளத்தில் முதன்மையாக நின்றது என்றும் கூறினார். 1998-இல் இஸ்தான்புல் வாயிலில் நின்ற கேள்வி உடுப்பியின் வாயிலிலும் நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினைகள் மூன்று.

முதலாவது, தப்பெண்ணத்திற்குத் தகுந்த மறுமொழி கல்வியே. முக்காட்டோடு கற்று உயரும் பெண்ணைத்தான் தடை விதித்தோர் அஞ்சினர். வாயிலில் ஒரு மாணவி தடுக்கப்பட்டால், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டில் இருத்திவிடுவது தடை விதித்தோரின் விருப்பத்தை நாமே நிறைவேற்றுவதாகும். நிர்வாகத்தோடு பேசுதல், சட்ட உதவி தேடுதல், ஓராண்டும் வீணாகாதபடி வேறு கல்லூரியில் இடம் பெற்றுத் தருதல் ஆகியவை ஜமாஅத்தின் கடமைகள்.

இரண்டாவது, தேர்வு என்ற சொல்லுக்கு நாமும் உண்மையாக இருத்தல் வேண்டும். ஈரானில் 1936-இல் ஒரு மன்னர் காவலரைக் கொண்டு முக்காட்டைக் களைவித்தார். 1979-க்குப் பின் வந்த ஆட்சி காவலரைக் கொண்டு அதை அணிவித்தது. இரண்டிலும் பெண்ணின் விருப்பம் கேட்கப்படவில்லை. மறைத்தல் இறைவனின் கட்டளை என்று அந்நூர், அல்அஹ்ஸாப் அத்தியாயங்களின் வழி நாம் நம்புகிறோம். அக்கட்டளைக்குக் கீழ்ப்படிதல் உள்ளத்திலிருந்து எழும்போதே அது வணக்கமாகிறது. அன்போடு எடுத்துரைப்பது நம் பொறுப்பு. வன்மையோடு திணிப்பது, ‘இவர்கள் வற்புறுத்தப்பட்டவர்கள்’ என்னும் பழிக்கு நாமே சாட்சி கூறுவதாகும். தலை மறைக்காத சகோதரியை இழிவாகப் பேசுவதும் தப்பெண்ணமே. கவாக்சியோடு நடந்து வந்தவரும், ஷாஹினுக்காகத் தனித்து எழுதியவரும் முக்காடணியாதவர்கள் என்பதை மறத்தல் ஆகாது.

மூன்றாவது, நீதிபதி துல்கென்ஸ் சுட்டிய குறை நம்மிடமும் உண்டு. முக்காட்டைப் பற்றி ஆண்கள் ஆண்களோடு பேசி முடிவு செய்கிறோம். கல்லூரிப் பேருந்தில் கேலியைத் தாங்குபவள் யார்? வேலைக்கான நேர்காணலில் திறமையைப் பற்றிய வினாவுக்கு முன் முக்காட்டைப் பற்றிய வினாவை எதிர்கொள்பவள் யார்? அவளை நம் கூட்டங்களில் கேட்டறிவதற்கு ஏற்பாடு வேண்டும். நம் ஜமாஅத்தின் கல்விக் குழுவில் படித்த பெண்கள் இருவர் மூவரேனும் இடம் பெற்றால், வாயிலில் நிற்கும் மாணவியின் இடர் உடனுக்குடன் நம் காதுக்கு எட்டும்.

கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. ஈமானையும் கல்வியையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்குமாறு நம் பெண் மக்களை எவரும் வற்புறுத்தாத நிலையை ஏற்படுத்தவும், அத்தகைய நாள் வரும்வரை அவர்களுக்குப் பக்கபலமாக நிற்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.